415 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸும் மட்டும் போதா

கொழிஞ்சாம்பாறை அரிசி ஆலையின் ஜெனரேட்டரை மும்முனை லைனுடன் இணைக்க, இரு பக்கமும் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் காட்டினால் போதும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான அரைகுறைத் தகவல். ஃபேஸ் வரிசை (மூன்று முனைகளின் அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தைத் தொடும் வரிசை) ஒன்றாக இருப்பதோடு, இரு பக்கத்தையும் இணைக்கும் சுவிட்சான பிரேக்கரை மூடும் கணத்தில் இரு பக்க அலைகளும் ஒரே கோணத்தில் இருக்கவும் வேண்டும். 180 பாகை விலகியிருந்தால், மீட்டர்கள் எல்லாம் சரியாகவே காட்டினாலும், ஒவ்வொரு ஃபேஸிலும் பிரேக்கரின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 480 வோல்ட் நிற்கும், அப்போது மூடினால் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் பிணைக்கும் கப்ளிங்கே முறியலாம். அதனால்தான் பிரேக்கரின் அந்த இரு முனைகளுக்கிடையே ஃபேஸுக்கு இரண்டு 230 வோல்ட் பல்புகளைத் தொடராக மாட்டுகிறார்கள். மூன்று ஜோடியும் ஒருசேர எரிந்து அணைந்தால் வரிசை சரி; அணைந்திருக்கும்போதுதான் கோணமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால், ஜெனரேட்டரை நிறுத்தி இரண்டு ஒயர்களை இடம் மாற்றியே ஆக வேண்டும். பல்பு அணைந்த பிறகும் ஓரளவு மின்னழுத்தம் மிஞ்சியிருக்கும் என்பதால், இரு பக்கக் கோண வித்தியாசத்தை முள்ளால் காட்டும் சிங்க்ரோஸ்கோப்பைப் பார்த்து மூடுவதே நம்பகமானது.