பழைய தேக்குச் சன்னலைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

போன வாரம் யாங்கோனில் பாசுண்டாங் பக்கம் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஆறு சன்னல் கதவுகள் சுவரில் சாத்தி வைத்திருந்தன. சாய்வாகப் பட்டை கோர்த்த பழைய தேக்குக் கதவுகள். "அண்ணே, இதை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "பழசும்மா. சாயந்திரம் எடுக்க ஆள் வருது. அலுமினியம் போடுறோம்" என்றார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்தத் தவறை நானே ஒரு முறை செய்திருக்கிறேன்.

எங்கள் வீடு 1930களில் கட்டியது. எட்டு வருடத்துக்கு முன் முன்னறைச் சன்னல்கள் இரண்டும் சரியாக மூடவில்லை. வேலைக்கு வந்த கான்ட்ராக்டர் கீழ்ச் சட்டத்தை விரலால் அழுத்திக் காட்டி, "உளுத்துப் போச்சு, இனி தாங்காது" என்றார். நம்பினேன். கழிவு என்று சொல்லித்தான் ஏற்றிக்கொண்டு போனார். தேக்கை யாரும் கழிவாக எடுத்துப் போக மாட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. புதிதாக வந்த தள்ளு சன்னல் இரண்டாவது மழைக்காலத்திலேயே தொல்லை கொடுத்தது. அடித் தடத்தில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் தூசியில் அடைத்து, மழைநீர் அறைக்குள் வழிந்தது. உருளை தேய்ந்தது, மாற்று உருளை அளவுக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவுக்கும் அந்தச் சன்னலில் பாதியைத்தான் திறக்க முடியும். ஒரு கண்ணாடியைத் தள்ளினால் அது இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும்.

மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்பது யாங்கோனில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசிறி நின்ற ராத்திரியில் பழைய சன்னலின் நடுக்கம்பை ஏற்றிப் பாருங்கள். எல்லாப் பட்டைகளும் ஒன்றாகத் திரும்பும், காற்று உள்ளே வரும், மழைச் சாரல் வெளியே நிற்கும். கதவைச் சாத்தியபடியே காற்று வாங்கலாம். இந்த ஊர் வெயிலும் மழையும் தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்திருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் காட்டிலேயே அடிமரத்தைச் சுற்றி மரப்பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருடம் நின்றபடியே காயவிட்டார்கள். அப்புறம் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூன் வரை, அதாவது இந்த யாங்கோன் வரை, கொண்டுவந்தார்கள். 1856இல் கீழ் பர்மாவின் பெகு பகுதிக் காடுகளின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ் எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்பதற்கு ஒழுங்கான முறையே வகுத்தார். இயற்கைக் காட்டில் மெதுவாக வளர்ந்து, நின்றே காய்ந்த மரம் அது. 2014 ஏப்ரலில் முழு மரத் தடி ஏற்றுமதியையே தடை செய்தார்கள். இன்று அந்த மாதிரித் தேக்கை வாங்கப் போனால் விலை கேட்டு ஓடி வர வேண்டியிருக்கும். காரைக்குடிக்குப் போனபோது ஒரு வீட்டில் தூணைத் தட்டிக் காட்டி, "பர்மாத் தேக்கு" என்று பெருமையாகச் சொன்னார்கள். அதே மரத்தை நாம் இங்கே தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புகிறோம்.

பின்னறைச் சன்னல்களைப் பழுது பார்க்க ஒரு சயா கிடைத்தார். தொழில் தெரிந்த பெரியவரை இங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்போம். எழுபது வயது தாண்டிய பர்மியத் தச்சர். ஸ்க்ரூடிரைவர் முனையால் சட்டம் முழுக்கக் குத்திக் குத்திப் பார்த்தார். கெட்டுப்போன மரம் மெத்தென்று இறங்கும், நல்ல மரம் முனையைத் தள்ளிவிடும். மொத்தத்தில் கீழ்மூலையில் மூன்று அங்குலம்தான் கெட்டிருந்தது. "அமா (அக்கா), இதுக்கா தூக்கிப் போடுவாங்க?" என்று பர்மியத்தில் கேட்டார். முன்னறைச் சன்னல்களும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மூலைகளைத் துளையும் நாக்குமாகக் கோர்த்து மர ஆணி அடித்திருந்தார்கள். ஆணியைத் தட்டி எடுத்ததும் கதவு தனித்தனிச் சட்டங்களாகக் கழன்று வந்தது. பழுது பார்க்க வசதியாகவே செய்த பொருள் அது. கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்தார். அறுத்ததும் எழுந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. தொண்ணூறு வருடம் கழித்தும் நேற்று வெட்டியது போல எண்ணெய் மணம்! அந்த எண்ணெய் இருப்பதால் பசை நேராக ஒட்டாது. இரண்டு முகத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, பழைய தேக்குத் துண்டையே ஒட்டினார்.

ஆனால் ஒட்டுவதற்கு முன் அவர் பார்த்தது சன்னலின் அடித்திண்டைத்தான். யாரோ சிமென்ட் பூசி வெளிச்சாய்வை நிரப்பிவிட்டிருந்தார்கள். தண்ணீர் அங்கேயே நின்று மரத்தின் வெட்டுமுனை வழியாக ஏறியிருக்கிறது. அதைக் கொத்திச் சாய்வைச் சரிசெய்யாமல் மரத்தை மட்டும் மாற்றினால் இன்னும் சில வருடத்தில் அதே இடம் உளுத்துவிடும்.

ஒன்று முக்கியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். எங்கள் கதவில் மேலே பச்சை, அடியில் நீலம், அதற்கும் அடியில் வெள்ளை. உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீயால் சுடாதீர்கள். ஈரம் தெளித்துச் சுரண்டுங்கள், சுரண்டியதைத் தாளில் சேர்த்து எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

நாளெல்லாம் ஏசி ஓடும் அறைக்குப் பட்டைக் கதவு மட்டும் போதாது, சரி. உள்பக்கம் கண்ணாடிக் கதவு சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக வெளிக்கதவைக் கழற்ற வேண்டியதில்லை. மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் பெரிய அரசுக் கட்டிடங்களும் கோயில்களும் இருக்கின்றன. நம் வீட்டுச் சன்னலைப் பட்டியல் எதுவும் காக்கப் போவதில்லை.

பாசுண்டாங் அண்ணனிடம் மறுநாள் காலையிலேயே பேசினேன். நான்கு கதவுகள் போய்விட்டன. இரண்டை நிறுத்தி வைத்திருக்கிறார், தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் சயாவை அழைத்துப் போகிறேன். உங்கள் தெருவில் எந்தப் பழைய வீடாவது இடிபடுகிறது என்றால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நான்கு அங்குலப் பித்தளைக் கீல் எட்டும், பட்டைக்கு ஆகிற மாதிரி மெல்லிய பழைய தேக்குத் துண்டுகளும் வேண்டும். மழை தொடங்குவதற்குள் கிடைத்தால் நல்லது.