நீதிபோதனை பீரியடைத் தூக்கிக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள்

என் மகள் படிக்கிற கான்வென்ட் பள்ளியின் வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் வந்த அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரியும். ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு இந்த வருஷம் நீதிபோதனையும் மறைக்கல்வியும் (கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான சமய வகுப்பு) கிடையாது, அந்த நேரத்தில் கணக்கு டெஸ்ட். கீழே வரிசையாகக் கைகூப்பி நன்றி. ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதற்கு, "உங்க காலம் வேற மேடம்" என்று ஒருவர் பதில் போட்டார், இது விவாதம் பண்ணுகிற இடம் இல்லை என்று அட்மின் முடித்துவிட்டார். சரி, இங்கே பேசுகிறேன். எந்தப் பள்ளி என்று கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.

கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகளே கணக்கில் திணறுகிறாள். ஆனால் கணக்குக்குத் தெருவுக்குத் தெரு டியூஷன் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளியைத் தேடிப்போய்ச் சேர்த்தது வேறு ஒன்றுக்காக. கத்தோலிக்கப் பள்ளியின் தனி அடையாளமே நற்செய்தியின் சுதந்திரமும் அன்பும் நிறைந்த சூழல்தான் என்று 1965-இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. சலேசிய சபையை நிறுவிய பாதிரியார் டான் போஸ்கோ தன் கல்வி முறைக்கு அடிப்படையாக வைத்ததும் அறிவு, சமயம், அன்பு என்ற மூன்றைத்தான். நூறு சதவீதத் தேர்ச்சி ஃப்ளெக்ஸ் அதில் எங்கேயும் இல்லை.

நான் கத்தோலிக்கப் பெண் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கான்வென்டில் படித்தேன். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு, அதாவது மறைக்கல்விக்குப் போவார்கள், நாங்கள் நீதிபோதனைக்குப் போவோம். எங்கள் சிஸ்டர் புத்தகத்தை அதிகம் திறந்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் ஊர் வாரியாக, தெரு வாரியாக உட்காருவதை அவர் பார்த்திருக்கிறார். (தெரு என்றால் சாதி என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) ஒன்றும் திட்டவில்லை. வாரா வாரம் சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் யாரோடு சாப்பிட வேண்டும் என்று மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பில், உன்னோடு சாப்பிட்டவள் வீட்டைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்பார். தினமும் பிரேயர் முடிந்து ஓடிவருகிற ஒரு பிள்ளையை நாங்களெல்லாம் கேலி செய்வோம். விடியற்காலையில் ஊர்க் குழாயில் தண்ணீர் பிடித்து, தம்பிகளைக் கிளப்பிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறுகிறாள் என்று அப்படித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அவள் டிபனில் நான் சாப்பிட்டேன் என்று என் ஆச்சி வீட்டில் ஆடின ஆட்டம் தனிக்கதை. இதை எந்த டெஸ்ட் பேப்பரில் திருத்தி மார்க் போடுவீர்கள்?

உடனே "மதம் மாத்தத்தானே அந்த வகுப்பு" என்று ஒரு கூட்டம் வரும். அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னை மாறச் சொல்லவில்லை. பரீட்சை நாட்களில் நானாகப் போய்ச் சிற்றாலயத்தில் உட்கார்ந்திருப்பேன், ஏன் வந்தாய் என்றும் யாரும் கேட்டதில்லை. பெற்றோர் சம்மதம் இல்லாமல் மத போதனைக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் 28(3) சொல்கிறது. மற்ற மதப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்க வேண்டாம், அசெம்பிளியில் அரசியல் சட்ட முகவுரையை வாசியுங்கள் என்று 2024-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"அந்த பீரியடில் டீச்சர் நோட்டுதான் திருத்துகிறார்" என்பதும் ஒரு வாதம். பல இடங்களில் அது உண்மைதான். அப்படியானால் அதை ஒழுங்காக நடத்தச் சொல்லிக் கேளுங்கள். பிடுங்கிக் கொடுப்பது எப்படித் தீர்வாகும்?

"திருச்சபைக்குள்ளேயே சாதி இருக்கே, இவங்களா அறம் சொல்லித்தரப் போறாங்க" என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, தனிக் கல்லறை வரைக்கும் இருக்கிறது. அதனால்தான் அந்த வகுப்பு இன்னும் அதிகமாக வேண்டும் என்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது என்றதோடு நிற்காமல் ஆறு முதல் பன்னிரண்டு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றும் அது சொன்னது. அரசு அமைத்த குழு புதிதாகக் கேட்கிறது, தலைமுறை தலைமுறையாக அதை வைத்திருந்தவர்கள் டெஸ்ட் எழுத விட்டுக்கொடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

"ஃபீஸ் கட்டுறோம், ரிசல்ட் வேணும்" என்று எழுதினாரே ஒரு அப்பா, அவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவர் பயம் அவருக்கு. நிர்வாகம் ஒரே நாளில் சரி என்றதுதான் வலிக்கிறது. பெற்றோர் எதிர்த்தபோதும் எங்கள் சிஸ்டர் அந்தச் சீட்டை நிறுத்தவில்லை. என் ஆச்சியே பள்ளிக்கூடம் வரை போய்ச் சண்டை போட்டார். சிஸ்டர் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, அடுத்த திங்கட்கிழமையும் சீட்டுக் குலுக்கினார். அந்தக் கன்னியாஸ்திரிகள் சபையில் வந்தவர்கள்தானே இவர்களும்?

இந்த மாதப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கேட்கப் போகிறேன். வாரம் ஒரே ஒரு பீரியட், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று. குரூப்பில் கை தூக்காமல் எனக்குத் தனியாக "நீங்க சொல்றது சரிதான்க்கா" என்று மெசேஜ் அனுப்பியவர்கள் தயவுசெய்து கூட்டத்துக்கு வாருங்கள், கையெழுத்துப் போடுங்கள்.