யார்க்குக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள்

லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் காரில் போகும் நம் ஆட்கள் பலருக்கு யார்க் நகரம் டீக்கு நிறுத்துகிற இடம். பேராலயத்துக்கு முன்னால் ஒரு குடும்பப் படம், ஷாம்பிள்ஸ் சந்தில் ஒரு ரீல்ஸ், மறுபடி நெடுஞ்சாலை. மொத்தமே இரண்டு மணி நேரம். அதில் முக்கால் மணி பார்க்கிங் தேடியே போயிருக்கும். முதல் தடவை நானும் இதைத்தான் செய்தேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் இரண்டு நாள் ஒதுக்கிப் போனோம். முதல் நாள் காரை ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடில் விட்டாயிற்று. நிறுத்தக் காசு இல்லை, பஸ்ஸுக்கு மட்டும் டிக்கெட். கி.பி. 71இல் ரோமானியர் கோட்டை கட்டிய ஊர், 866இல் வைக்கிங்குகள் பிடித்த ஊர். அந்தத் தெருக்களில் காரோடு மல்லுக்கட்டுவது நம் தப்புதான்.

இந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று வருகிற 'கேட்' எல்லாம் தெரு. வைக்கிங் மொழி விட்டுப்போன சொல். வாசலுக்குப் பெயர் 'பார்'. மிக்கில்கேட் பார் என்ற பெயரைப் பார்த்து மச்சான் ரொம்ப ஆவலாக முன்னால் நடந்தார். 1460இல் யார்க் கோமகன் ரிச்சர்டின் வெட்டிய தலையை மாட்டிவைத்த கோட்டை வாசல் அது. வேறொன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் மதில்மேல் ஏறிவிட்டார். மதில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, நடக்கக் கட்டணம் கிடையாது. பேராலயத்துக்கு உண்டு, ஆனால் கிழக்கு ஜன்னலுக்காகவே கொடுக்கலாம். ஏறக்குறைய ஒரு டென்னிஸ் களம் அளவுக்கு வண்ணக் கண்ணாடி. ஜான் தார்ன்டன் 1405இல் தொடங்கி மூன்றே வருடத்தில் முடித்திருக்கிறார். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

இரண்டாம் நாள்தான் காருக்கு வேலை. வடக்கே மூர்ஸ் என்கிற புதர்க்காட்டு மேட்டுநிலத்துப் பக்கம் பஸ் குறைவு, கார் இல்லாமல் சுற்றுவது கஷ்டம். தர்ஸ்க் தாண்டியதும் சட்டன் பேங்க் ஏற்றம். நாலடி போனால் ஓரடி ஏறும், நடுவில் ஊசிமுனைத் திருப்பம் வேறு. கேரவன் இழுத்துவரும் வண்டிகளை விடுவதே இல்லை. வாடகைக் கார் முதல் கியரில் முனகியபோது பேச்சு நின்றது. மேலே போய்ச் சமவெளி முழுக்கக் கண்ணில் பட்டதும் மறுபடி ஆரம்பித்தது.

அங்கிருந்து ரீவோ மடம். எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'ரீவால்க்ஸ்' என்று வரும், வழி கேட்டால் யாருக்கும் புரியாது. 1132இல் துறவிகள் தொடங்கிய இடம், 1538இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடிவிட்டார்கள். கூரை போய்விட்டது. வளைவுகள் மட்டும் நிற்கின்றன, தரையெல்லாம் புல். போகிற சந்தில் எதிரே டிராக்டர் வர, இரண்டு பக்கமும் வேலிப்புதர் உரச நூறு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தேன். டிராக்டர்காரர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், அதுதான் நன்றி.

பிளேக்கி ரிட்ஜ் மேலே ஹெதர் என்கிற குட்டைப் புதர்ச்செடி பூத்து மலை முழுக்க ஊதா. இயற்கை என்று உருகினோம், ஆனால் அதிலும் மனிதர் கை இருக்கிறது. க்ரவுஸ் பறவை வேட்டைக்காக ஹெதரைத் திட்டுத்திட்டாக எரித்துப் புதுத் தளிர் விட வைக்கிறார்கள். இது தெரிந்தபிறகு அழகு குறைந்ததா என்று கேட்டால், எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

திரும்பும்போது ஹட்டன்-லெ-ஹோல் கிராமத்தில் ஒரு ஆடு நடுரோட்டில் படுத்திருந்தது. மச்சான் ஹார்ன் அடிக்கச் சொன்னார். பின்னால் உள்ளூர்க் கார்கள் இரண்டு நின்றன, அவர்களும் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த சிப்ஸைப் பிரித்தோம்.