அந்த வார்த்தையை தினமும் டைப் அடிக்கிறவ சொல்றேன்

ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து உக்காந்த எங்க மாமா, "பஸ்ஸுல ரோட்டுல கெட்ட வார்த்தை பேசுறவனையெல்லாம் புடிச்சு உள்ள போட ஒரு சட்டம் கொண்டு வரணும்மா, அப்பத்தான் திருந்துவானுக"ன்னு ஆரம்பிச்சாரு. மாமா அந்த சட்டம் 1860லயே வந்துருச்சு, வெள்ளக்காரன் போட்டதுன்னு சொன்னேன், நம்பவே இல்ல. அவருக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், படிப்பாரான்னு தெரியல.

நான் மதுரைல ஒரு வக்கீல் ஆபீஸ்ல 9 வருஷமா டைப்பிங் வேலை. வேலி தகராறு, வாய்க்கா தகராறு, வண்டி உரசுன தகராறு எதுவா இருந்தாலும் எஃப்ஐஆர்ல 294(பி) (ஆபாசமா பேசுறது), 323 (அடிக்கிறது), 506 (மிரட்டுறது) மூணும் ஒட்டிப் பொறந்த புள்ளைக மாதிரி சேந்தேதான் வரும். 2024 ஜூலை 1லருந்து பாரதிய நியாய சன்ஹிதான்னு புது சட்டம் வந்து எல்லா நம்பரும் மாறிருச்சு, 294(பி) இப்ப 296(பி). நம்பரும் அபராத உச்சவரம்பும் தவிர பெருசா எதுவும் மாறல. பொது இடத்துல மத்தவங்களுக்கு எரிச்சல் வர்ற மாதிரி ஆபாசமா பேசுனாலோ பாடுனாலோ 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 1000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே.

இதுல இருக்குற சூட்சுமம் வெளிய நிறைய பேருக்கு தெரியாது. ஒருத்தன் உங்கள பளார்னு அறைஞ்சிட்டான், பெருசா காயம் இல்லன்னா அடிச்சதுக்கான அந்த ஒரு செக்ஷனுக்கு மட்டும் போலீஸ் நேரா கேஸ் போட முடியாது, மாஜிஸ்திரேட் அனுமதி வேணும். ஆனா அறையும்போது கூடவே திட்டுனான்னு ஒரு வரி சேத்துட்டா போதும், கேஸ் போடலாம், வாரண்ட் இல்லாம கைதும் பண்ணலாம். அடி சின்னது, வார்த்தை பெருசு! அதனாலதான் திட்டுனானோ இல்லையோ எல்லா புகார்லயும் "அசிங்கமா பேசி"ன்னு ஒரு வரி உக்காந்துக்குது. சாம்பாருக்கு உப்பு மாதிரி. வாயே தொறக்காம அடி வாங்கிட்டு வந்த ஆளுக்கு எதிரா கவுன்டர் கேஸ்ல, அதாவது எதிராளி குடுத்த பதில் புகார்ல, அதே வரி வந்ததையும் நான் டைப் அடிச்சிருக்கேன்.

சரி கோர்ட் என்ன சொல்லுதுன்னா, வெறுமனே திட்டுறதும் அவமானப்படுத்துறதும் மட்டும் இந்த செக்ஷன்ல வராது, காம எண்ணத்த கிளப்புற மாதிரி வார்த்தையா இருக்கணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2024 மார்ச்சுல ஒரு ஹிந்தி வெப் சீரிஸ் கேஸ்லயும், கெட்ட வார்த்தை இருக்குங்கிறதுக்காகவே அது ஆபாசம் ஆயிடாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. யோசிச்சு பாருங்க, சண்டைல ஒருத்தன் அம்மாவ இழுத்து திட்டுறப்ப அங்க யாருக்கு காமம் வருது, கோவம்தான வருது. ஆக இந்த செக்ஷன் கோர்ட்ல நிக்கிறதே கஷ்டம், ஆனா கேஸ் ஹைகோர்ட்ல குவாஷ், அதாவது ரத்து, ஆகுற வரைக்கும் நாயா பேயா அலையணும். எங்க ஆபீஸுக்கு வந்த ஒரு பையன், போலீஸ் வேலைக்கு எழுத்து தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுறது எல்லாம் பாஸ், திருவிழா சண்டை கேஸ்ல பேர் இருந்ததால வேலை போச்சு. அவங்க அம்மா வாசல் படியிலயே உக்காந்துட்டாங்க, உள்ள வாங்கம்மான்னா வரல.

அப்புறம் யார் மேல போடுறாங்கன்னு பாக்கணும்ல. லோடு தூக்குறவரு, ஆட்டோக்காரரு, மீன் விக்கிற அக்கா, இவங்க வாய்தான் ஆபாசம். ஏசி கார் கண்ணாடிய இறக்கி இங்கிலீஷ்ல அதே அர்த்தத்துல ஒருத்தர் கத்துனா அது டென்ஷன்! ஸ்டேஷனுக்குள்ள நமக்கு கிடைக்கிற வரவேற்ப பத்தி நான் எதும் சொல்லல, போனவங்களுக்கு தெரியும்.

இதுக்காக எனக்கு கெட்ட வார்த்தை புடிக்கும்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு காது கூசும். ஆம்பளைங்க ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டாலும் நடுவுல வந்து விழுறது ஒரு பொம்பளயோட உடம்புதான், அம்மாவோ அக்காவோ பொண்டாட்டியோ. ஆனா பொண்ண அசிங்கப்படுத்தணும்னே பேசுனா அதுக்கு தனி செக்ஷன் இருக்கு, 3 வருஷம் வரைக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள நாலு பேர் பாக்குற இடத்துல சாதிப் பேர் சொல்லி திட்டுனா வன்கொடுமை சட்டம் இருக்கு, 6 மாசத்துலருந்து 5 வருஷம். அது கட்டாயம் இருக்கணும், ஏன்னா அது வெறும் வார்த்தை இல்ல, உன் இடம் இதுதான்னு மிதிக்கிறது. அதுல ஒழுங்கா கேஸ் போடச்சொல்லி எத்தன பேர் நடையா நடக்குறாங்க, அங்க காட்டாத சுறுசுறுப்ப எதுக்கு டீக்கடை சண்டைல காட்டணும்? என்னைக் கேட்டா 296(பி)ல "வார்த்தை"ங்கிறத மொத்தமா எடுத்துரலாம்.

போன மாசம் பெட்ரோல் பங்க்ல என் ஸ்கூட்டி கொஞ்சம் குறுக்க போயிருச்சுன்னு ஒருத்தன் என்ன சொன்ன வார்த்தைல கை நடுங்கிருச்சு, சில்லறைய கீழ விட்டுட்டேன். ஆபீஸ்ல கிளார்க் அண்ணன் கேட்டுட்டு "வண்டி நம்பர் இருக்கா, ஒரு பெட்டிஷன் போட்ருவோம்மா"ன்னாரு. என்ன வார்த்தைன்னு அதுல தெளிவா இருக்கணுமே, அத நான் வாய்விட்டு சொல்லணும், அங்க ஒரு பொண்ணு உக்காந்து டைப் அடிக்கணும், அப்புறம் கோர்ட்ல வாசிக்கணும். வேணாம்ணேன்னுட்டேன்.

இதுல ஒரு காமெடி, ஹைகோர்ட்டுக்கு இங்கிலீஷ்ல போறப்ப எவ்ளோ பெரிய வசவா இருந்தாலும் ரெண்டே வார்த்தைதான், "ஃபில்தி லாங்க்வேஜ்", அதாவது அசிங்கமான பேச்சு. மதுரை வட்டாரத்துல தலைமுறை தலைமுறையா தீட்டி வச்ச அத்தன வசவும் அதுக்குள்ள அடங்கிரும். நாளைக்கு ரெண்டு குவாஷ் பெட்டிஷன் இருக்கு, ரெண்டுலயும் அதே வரி. காப்பி பேஸ்ட் பண்ணிட்டு ஆறு மணி பஸ்ஸ புடிச்சுருவேன்.