ஓட்டிப் பழக ஒரு மைதானம் வேண்டும்

ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காலை ஒன்பது மணிக்குக் கோவை காந்திபுரம் சிக்னலில் இடது முட்டி வலிக்க கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்பதில் என்ன பெருமை இருக்கிறது? 2014-இல் மாருதி செலேரியோவில் ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு) வந்தபிறகு சின்ன கார்களிலும் கிளட்ச் இல்லாமல் ஓட்ட முடிகிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் தினமும் நெரிசலில் போய்வருகிறவர்களுக்கும் அது பெரிய உதவி.

நான் பேச நினைப்பது கார் என்றால் உயிரை விடும் தம்பி தங்கைகளிடம். எந்த மாடலுக்கு எத்தனை சிசி, எவ்வளவு டார்க் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறீர்கள். சந்தோஷம். அப்படியானால் கியர் வண்டியை முறையாக ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கை நன்றாகப் படிந்ததும் அதை ஈசிஆரிலோ பைபாஸிலோ ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காட்டாதீர்கள். ஆட்டோகிராஸுக்கு வாருங்கள், அதாவது மைதானத்தில் கோன் வைத்த பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டிக்கு.

"டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் வாங்கியாச்சே" என்பீர்கள். அங்கே பயிற்சியாளர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறீர்கள். வண்டி ஆஃப் ஆகாமல் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை அவருடையது. எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது இடுப்பில் கயிறு கட்டி விடுவார்கள். ஆனால் ஒருநாள் அந்தக் கயிற்றை அவிழ்ப்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் கயிறு இடுப்பில் இருக்கும்போதே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் கைக்கு வந்துவிடுகிறது.

என் அக்கா மகள் கையில் லைசென்ஸ் இருந்தது, வீட்டில் காரும் இருந்தது. ஆனால் மேம்பாலம் ஏறும்போது முன்வண்டி நின்றால் அவளுக்குக் கை கால் நடுங்கும். "மாமா, பின்னாடி உருண்டுருமோன்னு பயமா இருக்கு" என்றாள். "பயப்படாதே அம்மணி, ஞாயித்துக்கிழமை வா" என்று காலி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடவில்லை. வெறும் கிளட்சை மட்டும் மெதுவாக, மெதுவாக விடச் சொன்னேன். வண்டி லேசாகச் சிலிர்த்து, சத்தம் தாழ்ந்து, தானாக நகரத் தொடங்குகிற இடம் ஒன்று வரும். அந்தப் பைட்டிங் பாயிண்ட் காலுக்குத் தெரியும்வரை திரும்பத் திரும்ப அதையேதான் செய்தோம். அப்புறம் ஒரு சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் கவ்வியதும் வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்புகிறதே, அப்போது ஹேண்ட் பிரேக்கை விடுவது. இன்று அவள் ஊட்டி மலையேறிப் போய்வருகிறாள்.

அவளுக்கு அந்தப் பயம் போனது காரணம் புரிந்ததால். இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்றுக்குக் கீழே ஓடச் சிரமப்படும். சக்கரமோ சுற்றாமல் நிற்கிறது. ஓடுகிற ஒன்றையும் நிற்கிற ஒன்றையும் படாரென்று இணைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் தட்டு உரசிக்கொண்டே இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. இது மனதில் பதிந்தவர் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடி, வண்டியை மேட்டில் நிறுத்தி வைக்க மாட்டார். அந்தக் கருகல் நாற்றம் தட்டு தேய்கிற நாற்றம் என்று அவருக்குத் தெரியும்.

கியரைக் குறைப்பதும் அப்படித்தான். மூன்றாவது கியரில் 2,000 சுற்றில் போகிற சின்ன காரை அதே வேகத்தில் இரண்டாவதுக்கு மாற்றினால் இன்ஜின் 3,000 சுற்றுக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். அந்த வித்தியாசத்தை நாம் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்யாவிட்டால், கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கும். மழையில், வளைவில் அந்தக் குலுக்கலே முன்சக்கரத்தின் பிடியைப் பறித்துவிடலாம். இப்போது சில கார்கள் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன. 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் கிளட்ச் பெடலே இல்லாத கியர் வண்டியும் வந்துவிட்டது. நல்ல பொறியியல்தான். இருந்தாலும் தன் காலால் அதைச் செய்தவருக்கு வண்டியின் சத்தமும் அசைவும் என்ன சொல்கின்றன என்று கேட்கத் தெரிந்துவிடுகிறது. அந்தக் காதுதான் கார்ப் பிரியருக்கு வேண்டியது.

சரி, ஆட்டோகிராஸ் என்றால் என்ன? பெரிய திறந்தவெளி, கோன் வைத்து அமைத்த வளைந்து நெளிந்த பாதை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார், நேரம் குறிக்க ஒரு கடிகாரம். யாரையும் முந்த வேண்டியதில்லை. நம் ஊரில் பெரும்பாலும் மண்தரையில் நடக்கும், புழுதி பறக்கும். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார்ப் பந்தய ஆர்வலர் அமைப்பு பார்க்கிங் இடங்களிலும் பழைய விமான ஓடுதளங்களிலும் தாரில் நடத்துகிறது. ஒரு கோனைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். பாதை நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். வேகம் நெடுஞ்சாலையில் லாரி போகிற அளவுக்குக்கூட ஏறாமல் போகலாம். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு வாங்கும்.

ஓட்டும்முன் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது, இந்த நடையைத் தவறவிடாதீர்கள் என்பதுதான். எந்த வளைவு போகப்போக இறுகுகிறது, எங்கே ஜல்லி கிடக்கிறது, எந்தக் கோனுக்குப் பின்னால் அடுத்த கோன் மறைந்திருக்கிறது என்பதெல்லாம் காலால் நடந்தால்தான் தெரியும்.

ரோட்டில் பத்து வருடம் ஓட்டியும் தெரியாதது அங்கே ஒரு காலைப்பொழுதில் தெரிகிறது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து முன்டயர் நன்றாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்கும். அதே வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்சக்கர டிரைவ் கார் வெளியேதான் இழுத்துக்கொண்டு போகும். அண்டர்ஸ்டியர் என்று வீடியோவில் பார்த்தது அப்போதுதான் உடம்பில் ஏறும்.

இன்னொன்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. ஆனால் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் பெடல் காலடியில் படபடவென்று அடிக்கும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? முதல்முறை அந்த அதிர்வு வந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோன் முன்னால் காலை எடுத்தால் கோன் விழும். ரோட்டில் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உயிர் காக்கும் கருவியைக் காரில் வைத்துவிட்டு, அதை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காமல் ஊருக்குள் அனுப்புகிறோமே என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கமாக இருக்கிறது.

இதைப் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நம் ஊர்க் கரிவர்தனை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். எண்பதுகளின் கடைசியில் மாருதி 800-இன் இன்ஜினை வைத்து அவர் ஒரு ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி. எங்கும் கிடைக்கிற சாதாரண காரின் இன்ஜின்தான், செலவு கட்டுப்படியாக வேண்டும் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள டிராக் அவர் பெயரில் இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைகள் பழக இடமில்லை என்று சொல்வது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

ஆட்டோகிராஸுக்கு ரேஸ் காரும் வேண்டாம். வீட்டில் இருக்கிற பழைய ஸ்விஃப்ட் போதும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஹெல்மெட் இருக்கட்டும், தரைவிரிப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வெளியே எடுத்துவிடுங்கள். உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். செருப்போடு ஏறாதீர்கள். பணம் கட்டும்முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: நம் ஊர்க் கார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் போட்டிப் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வண்டி அடிபட்டால் செலவு உங்களுடையது. இதை வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் அனுமதியோடு, ஆம்புலன்ஸ் நிறுத்தி நடத்தும் போட்டிகளுக்கு மட்டும் போங்கள்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களும் வரலாம், மின்சாரக் கார்க்காரர்களும் வரலாம். எடை சாய்வதும் டயர் பிடிப்பதும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கியர் வண்டி கைக்குக் கிடைக்கும்போதே பழகிவிடுங்கள். அமெரிக்காவில் புதிதாக விற்கிற கார்களில் கியர் வண்டி மிகச் சொற்பமாகிவிட்டது. அங்கே ஒரு பையன் கிளட்ச் பழக வேண்டுமென்றால் அப்படிப்பட்ட காரைத் தேடிப் பிடிப்பதே முதல் வேலை. நமக்கு அந்தக் கஷ்டம் இன்னும் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். கோவையைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெரிய பார்க்கிங் இடம். ஞாயிற்றுக்கிழமை அவை வெறுமனே கிடக்கின்றன. மாதம் ஒரு காலைப்பொழுது, முறையான அனுமதியோடு, கிளட்ச் பழகவும் கோன் சுற்றவும் திறந்துவிடுங்கள். எஸ்சிசிஏ வழக்கத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓட்டியவரே அடுத்த சுற்றில் வெயிலில் நின்று விழுந்த கோனை எடுத்து வைப்பது. இங்கேயும் அப்படியே செய்யலாம், ஆள் கூலி மிச்சம்.

இடம் தர முடிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நேரில் வந்து பேசுகிறேன். கோன் என்னிடம் இருக்கிறது. பாதை போடவும், முதல்முறை வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் சொல்லிக்கொடுக்கவும் நான் தயார். பெண்கள் தனிக் குழுவாக வர விரும்பினால் என் அக்கா மகள் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.