மரபணு இருக்கட்டும், முதலில் கீரையைக் கேளுங்கள்

மரபணுவைப் பார்த்து ஆளுக்கேற்ற மருந்து தரும் காலம் வந்தால், மருந்தாளுநர் வெறும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவராக இருக்கமாட்டார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ரத்தக்கட்டு வராமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை உடம்பில் வேலை செய்யவைக்கும் சிஒய்பி2சி19 என்சைம் மரபணு காரணமாகச் சிலருக்கு மந்தம், அவர்களுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லேயே எச்சரித்துவிட்டது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, இந்த மாத்திரையோடு ஊர் திரும்பிய எத்தனை பேரிடம் இதைச் சொன்னார்கள்?

எங்கள் அப்பாவுக்கு இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரைதான். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையில் ஒரு மாதம் 2.8, அடுத்த மாதம் 1.6; குறைந்தால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். மாத்திரை ஒருவேளைகூட விடவில்லை. தஞ்சாவூர் போய்வந்தும் காரணம் தெரியவில்லை. மன்னார்குடியில் எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணன்தான் மாத்திரை அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஐயா, வீட்ல இப்ப கீரை அதிகமோ?" என்றார். அதேதான்! கொல்லை முருங்கை துளிர்த்ததிலிருந்து அம்மா தினமும் பொரியல். கீரையின் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம். "அடியோட நிறுத்தாதீங்க, ஒரே அளவா சாப்பிடுங்க, டாக்டர்ட்டயும் சொல்லிடுங்க" என்றார்.

நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் பொறுப்பு என்று 2015 மருந்தியல் தொழில்முறை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் இதே ஊரில் இன்னொரு கடையில் பார்மசிஸ்ட் சான்றிதழ் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது ப்ளஸ் டூ முடித்த தம்பி.