பரணில் கிடக்கும் கேசட்டை ஐப்பசிக்கு முன் இறக்கிவிடுங்கள்

எண்பதுகளின் சினிமாப் பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, இந்தக் கேசட் எதற்கு என்று பரணைக் காலி செய்கிறார்கள். கம்பெனி கேசட் போனால் போகட்டும். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியது, இலங்கை வானொலியிலிருந்து அறிவிப்பாளர் குரலோடு பிடித்தது, கல்யாண வீட்டு நாதஸ்வரம், பாட்டியின் தாலாட்டு: இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். இவற்றுக்கு இன்னொரு பிரதி எங்கும் இருக்காது.

கடலூர், புதுச்சேரிக் கரையில் அவசரம் இன்னும் கூடுதல். கேசட்டின் வாய்ப்பக்கத்தில், நாடாவைப் பிளேயரின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து பாட்டைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்க ஒரு சின்னப் பஞ்சு மெல்லிய தகட்டில் ஒட்டியிருக்கும். உப்புக் காற்றில் தகடு கறுக்கும், வருஷம் ஆக ஆகப் பசை காய்ந்து பஞ்சு உதிரும். அப்புறம் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். நாடா போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஐந்து ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்றினால் சரியாகிவிடும். திறந்ததும் முதலில் ஒரு போட்டோ எடுங்கள். மூலை உருளைகளைச் சுற்றி நாடா எப்படிப் போகிறது என்பது மூடும்போது மறந்துபோகும்.

மழைக்காலத்து ஈரம் கொண்டுவருவது பூஞ்சை. ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுற்றின் ஓரத்தில் வெள்ளைப் பொடிபோல் தெரியும். அதை அப்படியே பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் சில நாள் வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, கூடு வளைந்துவிடும். பிறகு மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, பென்சிலால் மெதுவாகச் சுற்றியபடி நூல் உதிராத துணியால் துடைத்தெடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் பழைய பிளேயர் கண்ணில் பட்டால், வாங்குமுன் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் குறையும். 6 சதவீதம் குறைந்தாலே சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும். பெல்ட் மாற்றுவது சின்ன வேலை. ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் வாங்காதீர்கள். ஹெட்டை 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படிந்துவிடும். பிளேயரில் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

பலரும் அலட்சியம் செய்வது ஹெட்டின் சாய்வைத்தான். பதிந்த மெஷின் வேறு, இப்போது ஓட்டும் மெஷின் வேறு. சாய்வு மயிரிழை மாறினாலும் ஜால்ராவும் சலங்கையும் அமுங்கிப்போகும். ஹெட் பக்கத்திலுள்ள சின்ன ஸ்க்ரூவின் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து) கேட்டபடி, மேல்சத்தம் தெளியும்வரை துளித்துளியாகத் திருப்புங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்தாக வேண்டும்.

பதிவு செய்ய லேப்டாப் மைக் ஓட்டை உதவாது. பெரும்பாலும் அது மோனோ, சத்தமும் உடைந்து வரும். பிளேயரின் வயரைச் செருக லைன்-இன் உள்ள, லேப்டாப்பில் மாட்டும் யூஎஸ்பி கருவி வாங்குங்கள். பதிவதற்கு ஆடாசிட்டி இருக்கிறது, இலவச மென்பொருள்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, மிகச் சத்தமான இடம் அதன் மீட்டரில் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், ஏறக்குறைய 780 எம்பி வரும். ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சி-120 நாடா மிக மெல்லியது, வேகமாக முன்னே பின்னே ஓட்டினால் சிக்கிக்கொள்ளும்.

‘ஸ்ஸ்’ சத்தத்தை நீக்குகிறேன் என்று மூலப் பதிவில் கைவைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதோடு சலங்கையும் மூச்சுச் சத்தமும் போய்விடும். செய்துதான் ஆக வேண்டுமென்றால் நகலில் செய்யுங்கள்.

தூர்தர்ஷனில் வந்த விண்கலத் தொடர்களைப் பதிந்த விஎச்எஸ் வீடியோ கேசட் இருந்தால் அதற்கும் பூஞ்சைதான் எதிரி. ஆனால் வீடியோ ஹெட்டில் பஞ்சுக்குச்சி படவே கூடாது, உடைந்துவிடும். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உறையில் இருக்கும் கையெழுத்துப் பட்டியலையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பால்பாயிண்ட் மையும் மங்கிக்கொண்டுதான் இருக்கிறது.